நடுவரின் முழங்கால் ஏன் இவ்வளவு மெதுவாகத் தேறுகிறது?

கேள்வி இது. கேட்டவர் கால்பந்து நடுவர், வயது 38. ஆட்டத்தின் நடுவே பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தவர், எதிர்த்தாக்குதலைத் தொடரச் சட்டென்று திரும்பியபோது வலது முழங்காலில் ‘டப்’ என்று ஒரு சத்தம். முன் சிலுவைத் தசைநார் முழுவதுமாக அறுந்திருந்தது, உட்புறப் பிறைவட்டும் கிழிந்திருந்தது. பின்தொடையிலிருந்து நாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு) எடுத்துத் தசைநாரைப் புதிதாக அமைத்து, பிறைவட்டைத் தைத்திருக்கிறார்கள். இப்போது ஏழு மாதம். இருபது நிமிடம் மெதுவாக ஓட முடிகிறது, ஆனால் அன்று மாலையே முட்டி வீங்கிவிடுகிறது. இரண்டு மாதத்தில் உடற்தகுதித் தேர்வு. அதே அறுவை செய்துகொண்ட ஓர் ஆட்டக்காரர் ஆறாம் மாதமே களத்தில் இறங்கிவிட்டார். ‘என் முழங்காலில் ஏதாவது கோளாறா? தேர்வுக்குப் போகலாமா?’

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இந்த முறை போகாதீர்கள். கோளாறைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியிருப்பதில் என்னைத் திடுக்கிட வைக்கும் எதுவும் இல்லை. இயன்முறை மருத்துவனாக நடுவர்களின் கால்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அதற்கு முன் சிறிய அளவில் நானே விசில் ஊதியிருக்கிறேன். ஏழாம் மாதத்தில் ஓடியபின் வீங்கும் முட்டியை நான் பார்க்காத பருவமே இல்லை.

முதலில் ஒரு சொல் விவகாரம். ‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது நம் வழக்கம். உங்களுக்குக் கிழிந்தவை இரண்டு ஜவ்வுகள், இரண்டும் வெவ்வேறு பொருள்கள். தசைநார் என்பது தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்குள்ளேயே பிணைக்கும் கயிறு. கீழ்க்கால் முன்னால் நழுவாமலும் அளவுக்கு மீறித் திருகிக்கொள்ளாமலும் அதுதான் பிடித்து வைக்கிறது. பிறைவட்டு என்பது இரண்டு எலும்புகளுக்கும் நடுவே கிடக்கும் மெத்தை. பிறை வடிவக் குருத்தெலும்பு. அதன் வெளி விளிம்புக்கு மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு, உள்விளிம்புக்குக் கிடையாது. ஆகவே கிழிசல் வெளி ஓரத்தில் இருந்தால்தான் பெரும்பாலும் தைப்பார்கள். தைத்தது ஒட்டும் வரை முட்டியை ஆழமாக மடக்க விடமாட்டார்கள், முதல் சில வாரங்கள் எடை ஊன்றுவதற்கும் கட்டுப்பாடு இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தக் கட்டுப்பாட்டு வாரங்களில் தொடை கரைந்ததை மீட்கவே இரண்டு மாதம் ஓடிவிடும். அந்த ஆட்டக்காரரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அவருக்குப் பிறைவட்டைத் தைத்தார்களா, அல்லது கிழிந்த துண்டை வெட்டி எடுத்தார்களா, அல்லது அங்கே காயமே இல்லையா? பதிலைக் கேட்டபின் ஒப்பிடும் ஆசை பாதி குறைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு இன்னொரு செய்தி. பின்தொடையிலிருந்து எடுத்து வைத்த நாண், வைத்த அன்று ரத்த ஓட்டம் அறுந்த வெறும் கயிறு. அதற்குள் புதிய ரத்தக் குழாய்கள் நுழைய வேண்டும், புதிய செல்கள் குடியேற வேண்டும், இழைகள் மறுபடி அடுக்கப்பட வேண்டும். இந்த மாற்றத்தின் நடுவே, ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, அது அறுவை நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஊன்றுகோலை வீசிவிட்டு ‘எனக்குச் சரியாகிவிட்டது’ என்று எல்லோரும் நினைக்கும் காலமும் அதுதான். நாண் முழுதாகத் தசைநாரின் குணத்துக்கு வர ஓராண்டுக்கு மேலேயே ஆகும். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, திரும்பித் திருகும் விளையாட்டுகளில் இருந்தவர்களை அறுவைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஒன்பதாம் மாதம் வரை, களம் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மறுகாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஒன்பதைத் தாண்டியபின் அந்தப் பலன் கூடவில்லை. முன்தொடை வலு இரண்டு காலிலும் ஒத்திருந்தவர்களுக்கும் மறுகாயம் குறைவு. எனவே ஆறாம் மாதத்தில் இறங்கியவரைத் தைரியசாலி என்று நான் சொல்லமாட்டேன். இதுவரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

இனி வீக்கத்துக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் உண்மையான தகவல் அதுதான். பலர் வலியைக் கவனிக்கிறார்கள், வீக்கத்தை ‘அது தானாக வடிந்துவிடும்’ என்று விட்டுவிடுகிறார்கள். முழங்காலுக்குள் சிறிது நீர் கோத்தாலே, 20, 30 மில்லி அளவு போதும், மூட்டிலிருந்து போகும் செய்தி முன்தொடையின் உட்புறத் தசையை முடக்கத் தொடங்கிவிடும். நீங்கள் எவ்வளவு முயன்று இறுக்கினாலும் அந்தத் தசை முழுதாக வேலை செய்யாது. அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய தசை ஒதுங்கிக்கொண்டால் அதிர்ச்சி நேராக மூட்டுக்குப் போகிறது, மூட்டு மறுபடி நீர் கோக்கிறது. இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்டு மூன்று நான்கு மாதம் ஒரே இடத்தில் நிற்பவர்கள் உண்டு. இன்னும் கடினமாக உழைத்தால் வெளியே வந்துவிடலாம் என்று நினைப்பார்கள். அதனாலேயே வரமுடியாமல் போகும்.

இன்றிரவே இதைச் செய்து பாருங்கள். காலை நீட்டி, தொடையைத் தளர்த்திப் படுத்துக்கொள்ளுங்கள். முட்டிச் சில்லின் உட்பக்கத்தில், அதாவது மற்றக் காலைப் பார்க்கும் பக்கத்தில், உள்ளங்கையை வைத்துத் தொடையை நோக்கி மேலே இரண்டு மூன்று முறை வழித்துவிடுங்கள். அந்தப் பள்ளம் காலியாகும். பிறகு சில்லின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு முறை வழியுங்கள். கண்ணை உட்பக்கப் பள்ளத்திலேயே வைத்திருங்கள். அங்கே தோலுக்கு அடியில் ஒரு சிறிய அலை எழும்பி வந்தால் உள்ளே நீர் இருக்கிறது. அலை இல்லை என்றால் நல்லது. வெளிப்பக்கத்தை வழிப்பதற்கு முன்பே, உட்பக்கத்தை வழித்த கையை எடுத்தவுடனே, பள்ளம் தானாக நிரம்பிவிட்டால் அன்றைக்கு ஓட்டம் அதிகமாகிவிட்டது என்று பொருள். ஓடிய நாள் இரவு ஒரு முறை, மறுநாள் காலை ஒரு முறை பாருங்கள். நாட்குறிப்பில் ‘இல்லை, சிறிது, நிறைய’ என்று ஒரே சொல்லாக எழுதுங்கள். ஆறு வாரக் குறிப்பைக் கொண்டுவரும் ஒருவருக்கு என்னால் இரண்டு நிமிடத்தில் ஆலோசனை சொல்லிவிட முடியும். ‘அடிக்கடி வீங்குகிறது டாக்டர்’ என்று சொல்பவருக்கு அரை மணி நேரம் ஆகும்.

என் கணக்கு எளிது. மறுநாள் காலையில் அலை முந்தைய நாள் காலையைவிடக் கூடியிருந்தால் முந்தைய பயிற்சி அதிகம். அதையே திரும்பச் செய்யாமல் ஒரு படி குறையுங்கள். பத்துக்கு இரண்டு மூன்று அளவுக்கு வலி இருந்து, அதுவும் 24 மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பரவாயில்லை. உங்களுக்கு இருபது நிமிடத் தொடர் ஓட்டத்துக்குப் பதிலாக, இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று ஆறு சுற்று, வாரம் மூன்று நாள் என்று தொடங்கச் சொல்வேன். இரண்டு வாரம் காலையில் அலை எழாவிட்டால் ஓட்டத்தை நீட்டலாம். தூரம், வேகம், திருப்பம் மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும்தான் கூட்ட வேண்டும்.

முட்டி முழுதாக நிமிர்கிறதா என்பதையும் பாருங்கள். கட்டிலில் குப்புறப் படுத்து, பாதங்கள் இரண்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். யாரையாவது இரண்டு குதிகால்களின் உயரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வலது குதிகால் இரண்டு மூன்று விரல்கடை மேலே நின்றால் முட்டி இன்னும் முழுதாக நீளவில்லை. வளைந்த காலில் ஓடும் ஒவ்வொரு அடியும் முட்டிச் சில்லுக்குச் சுமை. வீக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஏழாம் மாதத்தில் அப்படி நிற்கிறதென்றால் அறுவை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனென்றால் புதிய நாணுக்கு முன்னால் வடுத்திசு முடிச்சு விழுந்து வழியை அடைப்பதும் உண்டு.

நாண் எடுத்த பின்தொடையை மறந்துவிடாதீர்கள். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போட இன்னொரு சட்டையில் துணி வெட்டியது போன்ற வேலை அது. முட்டியை ஆழமாக மடக்கி இழுக்கும் வலு நெடுநாள் குறைவாகவே இருக்கும். விரைவோட்டத்தில் காலைப் பின்னால் மடக்கி இழுப்பதும், ஓட்டத்தை நிறுத்துவதும் அந்தத் தசைகளின் வேலை. படுத்தபடி குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குவதில் தொடங்கி, பிறகு மண்டியிட்டுக் கணுக்கால்களை ஒருவர் பிடித்துக்கொள்ள உடலை மெல்ல முன்னால் சாய்க்கும் பயிற்சிக்கு வர வேண்டும். நடுவர்களுக்கென்றே அமைந்த ‘பிஃபா 11+’ காயத்தடுப்புப் பயிற்சித் தொகுப்பிலும் இதுபோன்றவை உண்டு. தேறியபின் அதை வாரம் இரண்டு மூன்று முறை வெப்பமேற்றலாகவே செய்யலாம்.

இதுவரை சொன்னது யாருடைய முழங்காலுக்கும் பொருந்தும். இனிச் சொல்வது நடுவரின் முழங்காலுக்கு மட்டும்.

மேல்மட்டக் கால்பந்தில் நடுவர் ஓர் ஆட்டத்தில் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடுகிறார். அது நடுக்கள ஆட்டக்காரருக்கு நிகரான தூரம். ஆனால் ஆட்டக்காரர் எப்போது திரும்புவது என்று பெரும்பாலும் தானே தீர்மானிக்கிறார். களைத்தால் நடக்கலாம், கால் சரியில்லை என்றால் கையைத் தூக்கி மாற்று ஆட்டக்காரரைக் கேட்கலாம். நடுவரின் திருப்பத்தை இருபத்திரண்டு பேர் தீர்மானிக்கிறார்கள். அதில் கணிசமான பங்கு பின்னோக்கியும் பக்கவாட்டிலும்தான். ஓடும்போது அவர் தரையைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. உங்களுக்குக் காயம் பட்ட கணத்தை நினைத்துப் பாருங்கள். உடல் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது, கண் பந்தோடு இன்னொரு பக்கம் போய்விட்டது, பாதம் மட்டும் புல்லில் பதிந்து நின்றது. யாரும் உங்களைத் தொடவில்லை. நடுவர்களின் முழங்கால் காயங்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

இதனால்தான் ஆட்டக்காரர்களுக்கு வைக்கும் அளவுகோல் உங்களுக்குப் போதாது என்கிறேன். நொண்டியடித்துத் தாண்டும் தூரம் நல்ல காலில் தாண்டுவதில் 90 விழுக்காடு, முன்தொடை வலு 90 விழுக்காடு என்பவை வழக்கமான வாசல்கள். அவை வேண்டும்தான். ஆனால் அவற்றைத் தாண்டியபின் ஒரு வாசல் இருக்கிறது, அதை அளக்க இயந்திரம் இல்லை. என்னிடம் வந்த ஒரு நடுவர் எல்லா அளவிலும் தேறியவர். பதினோராம் மாதம் முதல் ஆட்டம். இரண்டாம் பாதியில் பெனால்டி கட்டத்துக்குள் ஒரு மோதல். அவர் முப்பது மீட்டருக்கும் தள்ளி நின்று விசில் ஊதினார், தவறான முடிவு. எப்போதும் பதினைந்து மீட்டருக்குள் இருப்பவர் அவர். ஆட்டம் முடிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னார்: ‘திரும்ப வேண்டிய நொடியில் பந்தைப் பார்க்கவில்லை. கால் வைக்கப்போகும் புல்லைப் பார்த்தேன்.’ முட்டியில் வலி இல்லை, வீக்கம் இல்லை. கவனத்தில் ஒரு பங்கை மட்டும் முட்டி எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்டக்காரருக்கு அந்த ஒரு பங்கு போனால் ஒரு பந்து நழுவும். நடுவருக்கு ஒரு தீர்ப்பு போகிறது.

ஆகவே உங்கள் மீட்சியின் கடைசிப் பகுதி காலுக்கும் கண்ணுக்கும் சேர்த்து நடக்க வேண்டும். நேர் ஓட்டம் வீக்கமில்லாமல் பழகியபின் பெரிய வளைவில் ஓடுங்கள், மைதானத்தின் நடுவட்டத்தைப்போல. பிறகு சிறிய வளைவு. பிறகு பக்கவாட்டு நகர்வு, பின்னோக்கிய ஓட்டம், அதன்பின் மெதுவான வேகத்தில் திருப்பம். இதுவரை நீங்களே எண்ணித் திரும்பலாம். அடுத்து ஒரு நண்பர் கூப்பிட்ட பக்கம் திரும்புங்கள். அதுவும் பழகியபின்தான் நான் மிகவும் நம்பும் பயிற்சி: பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது நண்பர் பக்கத்திலிருந்து சில விரல்களை உயர்த்துவார். இரட்டைப்படை என்றால் இடப்பக்கம் திரும்பி விரைய வேண்டும், ஒற்றைப்படை என்றால் வலப்பக்கம். எத்தனை விரல் என்பதை ஓடும்போதே உரக்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் இருபதில் ஏழெட்டுத் தவறு வரும். விரலைத் தவறாக எண்ணுவீர்கள், அல்லது எண்ணி முடிக்கும்வரை திரும்பாமல் நிற்பீர்கள். கால் நன்றாக இருக்கும்போதே இது நடப்பதைப் பார்க்கும்போதுதான் எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்பது உறைக்கும். தவறில்லாமல் வரும் வரை வேகத்தைக் கூட்டாதீர்கள்.

உடற்தகுதித் தேர்வு இதில் எங்கே வருகிறது? பன்னாட்டு அளவிலான நடுவர் தேர்வில் 40 மீட்டர் விரைவோட்டம் ஆறு முறை. பிறகு 75 மீட்டரை 15 வினாடியில் ஓடி 25 மீட்டர் நடப்பது, அதை 40 முறை செய்ய வேண்டும். 75 மீட்டரை 15 வினாடியில் என்றால் மணிக்கு 18 கிலோமீட்டர். உங்கள் தேர்வு இதன் குறைந்த அளவாக இருக்கலாம், ஆனாலும் அதே வகைதான். கவனித்தீர்களா? இவற்றில் திருப்பம் இல்லை. நேர்க்கோட்டிலும் தடகளப் பாதையின் வளைவிலும் ஓடித் தேறிவிடலாம். அதனால் தேர்வில் வெற்றி பெற்றவர் ஆட்டத்துக்குத் தயார் என்று ஆகாது. தயாராவதற்கு முன் தேர்வுக்காக மட்டும் நேர் ஓட்டத்தைக் குவித்து முட்டியை வீங்கவைத்துக்கொண்ட பலரைப் பார்த்திருக்கிறேன்.

‘அதுவரை கோட்டு நடுவராகப் போகட்டுமா, அது எளிதுதானே’ என்று அடுத்து கேட்பீர்கள். எளிதில்லை. தூரம் குறைவு, உண்மை. ஆனால் கடைசித் தடுப்பாட்டக்காரரோடு ஒட்டி நிற்க ஆடுகளத்தைப் பார்த்தபடியே பக்கவாட்டில் அலைய வேண்டும், அடுத்த நொடியில் முழு வேகத்தில் கோல்கோட்டுக்கு ஓட வேண்டும். ஆஃப்சைடுக்காகக் கொடியை உயர்த்த நிற்கும்போது திடீர் நிறுத்தம். உதவி நடுவர்களுக்கான தேர்வில் 10 மீட்டர் முன்னோக்கி, 8 மீட்டர் ஒரு பக்கம், 8 மீட்டர் மறுபக்கம், திரும்பவும் 10 மீட்டர் முன்னோக்கி என்று 10 வினாடிக்குள் முடிக்கும் பகுதியே தனியாக இருக்கிறது. தைத்த பிறைவட்டுக்கு அது நடுவர் வேலையைவிடக் கடினமாகவும் இருக்கலாம். நான்காவது நடுவராக உட்காருங்கள், ஆட்டத்தின் வேகத்துக்குக் கண் பழகும். ஆனால் நடுவருக்குக் காயம் பட்டால் நீங்கள்தான் இறங்க வேண்டியிருக்கும் என்பதை நியமிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன்பின் பயிற்சி ஆட்டங்களில் இருபது நிமிடம், பிறகு ஒரு பாதி, பிறகு முழு ஆட்டம். இடைவேளையில் உட்காராதீர்கள். பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் முட்டி இறுகிவிடும், இரண்டாம் பாதியின் முதல் ஐந்து நிமிடம்தான் ஆபத்தான நேரம். அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருங்கள்.

மறுபடி ஸ்கேன் எடுத்தால் தெளிவாகிவிடுமா என்ற எண்ணமும் வரும். தைத்த பிறைவட்டு நன்றாக ஒட்டிய பிறகும் ஸ்கேனில் நெடுநாள் கிழிசல் போலவே தெரியலாம். நடுத்தர வயதையும் முதுமையையும் சேர்ந்த பொதுமக்களிடம் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்கேனில் பிறைவட்டுச் சேதம் தெரிந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முழங்காலில் வலியோ இறுக்கமோ இருக்கவில்லை. படம் பயமுறுத்தும், வழி காட்டாது. முட்டி இடையிலேயே பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ, நடக்கும்போது நழுவினாலோ, சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். அப்போது எடுக்கும் ஸ்கேனுக்குப் பொருள் உண்டு. முட்டிப் பட்டை வாங்கலாமா என்றால், தெம்பு வரும் என்றால் அணியுங்கள், புதிய தசைநாரைக் காக்கும் என்று நம்பி அணியாதீர்கள்.

வயதைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே அது தெரிகிறது. பன்னாட்டு நடுவர்களுக்கு நெடுங்காலம் இருந்த 45 வயது வரம்பையே பிஃபா நீக்கிவிட்டது. 38 வயதில் நீங்கள் இழக்கப்போவது ஒரு பருவம். அதில் ஆட்டக்கட்டணமும் போகும், தரவரிசையில் இடமும் போகலாம். அது வலிக்காது என்று சொல்லமாட்டேன். ஆட்டக்காரருக்கு அணியும் மருத்துவரும் தினமும் விசாரிக்கும் பயிற்சியாளரும் இருக்கிறார்கள். நீங்கள் விழுந்த அன்று நான்காவது நடுவர் இறங்கினார், சில நிமிடத்தில் ஆட்டம் தொடர்ந்தது, மறுநாளிலிருந்து நீங்கள் தனியாகத்தான் பயிற்சி செய்கிறீர்கள். வாரம் ஒரு நாளாவது சக நடுவர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்குப் போய் உங்கள் பயிற்சியை அங்கே ஓரமாகச் செய்யுங்கள். விரல் காட்ட ஒரு நண்பரும் அங்கேதான் கிடைப்பார்.

கடைசியாகத் தேர்வு. சங்கத்துக்கு இந்த வாரமே எழுதுங்கள். ‘இத்தனாம் மாதம் வருகிறேன்’ என்று மாதம் குறிப்பிட்டு உங்களை நீங்களே கட்டிப்போட்டுக்கொள்ளாதீர்கள். அறுவை முடிந்து குறைந்தது ஒன்பது மாதம் கடந்திருக்க வேண்டும், தொடர்ந்து நான்கு வாரம் பயிற்சிக்கு மறுநாள் காலையில் வீக்கம் இருக்கக்கூடாது, இரண்டு கால்களின் வலு அளவையும் மருத்துவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும், இந்த மூன்றும் நிறைவேறிய பிறகு வரும் தேர்வில் கலந்துகொள்கிறேன் என்று எழுதுங்கள். மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். அதுவரை நான்காவது நடுவர் பணிக்கோ, இளம் நடுவர்களை மதிப்பிடும் பணிக்கோ என்னை அழைக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். மதிப்பிடும் பணி கிடைத்தால் ஒப்புக்கொள்ளுங்கள்: மேலே உட்கார்ந்து இன்னொரு நடுவர் எங்கே நிற்கிறார், எப்போது திரும்புகிறார் என்று தொண்ணூறு நிமிடம் குறித்துக்கொண்டே இருந்தால், தேவையில்லாத எத்தனை திருப்பங்களை நாம் இத்தனை நாள் செய்துகொண்டிருந்தோம் என்பது தெரியவரும்.